மோதிரம் என்றால் கொப்பியில் எழுதி மூடிவிடுகிறார்கள்: புதையல் மோதிரங்களை எப்படி வர்ணிப்பது?

பனிமூட்டம் (ஹட்டன்)

எங்கள் கதை விளையாட்டுக் குழுவில் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. பெட்டியில் மோதிரம் இருக்கிறது என்று சொன்னதும் மந்திரவாதியை ஆடுகிறவர், மந்திரப் பொருளை ஒளியாகக் காட்டும் ‘டிடெக்ட் மேஜிக்’ போடுவார். ஒளி தெரியாவிட்டால் கணக்கு எழுதும் தம்பி “மோதிரம் ஒன்று, 25 பொற்காசு” என்று கொப்பியில் குறித்துக்கொள்வான். அவ்வளவுதான், அந்த மோதிரத்தின் கதை முடிந்தது.

ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுவது; 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. கதையை நடத்தும் டிஎம் நான். உலகம் நானே கட்டியது. மலை, மூடுபனி, கைவிட்ட கோப்பித் தோட்டங்கள், பள்ளத்தாக்கில் வீழ்ந்துபோன ஒரு இராசதானி. நம்ம ஊரை அடையாளம் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

எனக்கு மந்திர மோதிரம் வேண்டாம். விற்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கவைக்கும் சாதாரண மோதிரம் வேண்டும். நீளமாக வர்ணித்தாலும் சிக்கல்: “டிஎம் இவ்வளவு பேசுகிறார் என்றால் சாபம் இருக்கு” என்று யாரும் தொடமாட்டார்கள். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தகரத்துண்டு (பண்டாரவளை)

அழகிய, நுணுக்கமான, பழைமையான. இந்த மூன்றையும் உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள், பாதி வேலை முடிந்தது. அவற்றைக் கேட்டு ஆடுகிறவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

“சுண்டுவிரலில்கூட ஏறவில்லை” என்று சொல்லிப்பாருங்கள். குழந்தையின் மோதிரமா என்று யாராவது கேட்பார்கள். “கட்டைவிரலுக்கான மோதிரம், பச்சைக் கல்லிலேயே குடைந்தது, ஒரு பக்கம் மட்டும் தட்டையாக நீண்டிருக்கிறது” என்றால் வில்லாளியை ஆடுகிறவர் நிமிர்ந்து உட்காருவார். முகலாயரும் துருக்கியரும் நாணை இழுக்கக் கட்டைவிரலில் அப்படித்தான் போட்டார்கள். முத்திரை மோதிரம் என்று நீங்களாகச் சொல்லவே வேண்டாம். “எழுத்துகள் இடம்வலமாகத் திரும்பியிருக்கின்றன” என்றால் போதும், மெழுகைத் தேட ஆரம்பிப்பார்கள்.

நான் சொன்ன விவரத்துக்கு மேசையில் ஒரு கேள்வியாவது வரவேண்டும். வராவிட்டால் அடுத்த முறை அதை வெட்டிவிடுவேன்.

பத்தர்வீட்டுப்பேரன் (மாத்தளை)

வீட்டில் மூன்று தலைமுறையாக நகை வேலை. ஒரு மோதிரத்தைக் கையில் கொடுத்தால் எங்கள் ஆட்கள் முதலில் கல்லைப் பார்ப்பதில்லை, திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். உங்கள் திருடனும் அப்படிப் பார்க்கட்டும்.

நெடுநாள் போட்ட மோதிரம் உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து மெலிந்திருக்கும். மண்வெட்டி பிடித்தவர் கையா, பேனா பிடித்தவர் கையா என்று அந்தத் தேய்மானமே ஓரளவு காட்டிக்கொடுக்கும். அளவு மாற்றியிருந்தால் பற்று வைத்த கோடு, அதாவது உருக்கி ஒட்டிய இடம், உள்பக்கம் மங்கலாகத் தெரியும். ஒரு துண்டு வெட்டிச் சுருக்கினார்களா, சேர்த்துப் பெரிதாக்கினார்களா? பெரிய விரலிலிருந்து சின்ன விரலுக்குப் போன மோதிரம் என்றால் பரம்பரைச் சொத்தாக இருக்கலாம், களவாகவும் இருக்கலாம். அதை டிஎம் சொல்லவேண்டியதில்லை.

அப்புறம் அரக்கு. பருமனாகத் தெரியும் பழைய நகை பல உள்ளே குழல்தான், அரக்கு ஊற்றி நிரப்பியிருப்பார்கள். பார்வைக்குப் பெரிசு, கையில் எடுத்தால் எடை இல்லை. நெருப்புப் பொறிக்குள் அதைப் போட்டுக்கொண்டு போகிறவருக்கு விரலில் சூடான அரக்கு வழியும். அரக்குக்குப் பதிலாக அந்தக் குழலுக்குள் சுருட்டிய ஓலை நறுக்கு இருந்தால்? அது உங்கள் பாடு.

கல்லின் பின்பக்கம் மூடிய பழைய வேலையில் கல்லுக்குக் கீழே மெல்லிய தகடு வைத்திருப்பார்கள், ஒளியைத் திருப்பி அனுப்ப. தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்துக் கல் செத்துவிடும். ஆற்றைக் கடக்கும்போது மோதிரத்தைக் கழற்றி வாயில் வைத்துக்கொள்ளும் ஒரு பிரபுவைக் காட்டினால், அந்த மோதிரத்தைப் பற்றி வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

போலியும் கொடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் கார்னெட் என்ற சிவப்புக் கல்லின் மெல்லிய தகட்டைக் கண்ணாடியின் தலையில் ஒட்டவைத்து எந்த நிறக் கல் வேண்டுமோ அந்த நிறத்தில் விற்றார்கள். பச்சைக் கல்லை வெள்ளைத் தாளில் குப்புற வைத்தால் சுற்றிவரச் சிவப்பு வளையம் தெரியும், குட்டு உடைந்துவிடும். மந்திரம் எதற்கு, ஒரு துண்டுத் தாள் இருந்தால் போதும்.

எறிபகடை (கண்டி)

வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்டம் நான்கு மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் கொத்து ரொட்டிக்குப் போய்விடும். ஒவ்வொரு மோதிரத்துக்கும் பற்றுக் கோடு பார்த்துக்கொண்டிருந்தால் டிராகனை எப்போது அடிப்பது?

1974இல் இந்த ஆட்டம் வந்த நாளிலிருந்து புதையலைப் பகடையும் அட்டவணையும்தான் தீர்மானித்திருக்கின்றன. நான் மூன்று ஆறுமுகப் பகடை உருட்டுகிறேன். ஒன்று உலோகம், ஒன்று வடிவம், ஒன்று தொல்லை. நேற்று வந்தது: செம்பு, ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரட்டை வளையம், ‘பாதிதான் இருக்கிறது’. உடனே மற்றப் பாதி யாரிடம் என்று கிளம்பிவிட்டார்கள். ஐரோப்பாவில் அந்த மாதிரி இரட்டை வளையத்தை நிச்சயதார்த்தத்தில் ஆளுக்கொன்றாகப் பிரித்துப் போட்டு, கல்யாணத்தில் சேர்த்துக்கொள்வார்களாம். எனக்குப் பகடை தந்தது, உங்களுக்குப் பத்தர் தருகிறார்.

பத்தர்வீட்டுப்பேரன் (மாத்தளை)

எல்லா மோதிரத்துக்கும் என்று நான் சொல்லவில்லையே அண்ணே. பெட்டியில் பத்து இருந்தால் ஒன்றுக்குத்தான். மற்ற ஒன்பதும் “கைப்பிடி அளவு மோதிரம்” என்று போகட்டும். ஆனால் அந்த ஒன்று எது என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக் கூடாது. யார் கையை விட்டுத் துழாவுகிறாரோ அவருக்கு அகப்படட்டும்.

கணக்கப்பிள்ளை (தலவாக்கலை)

விலையைப் பற்றி யாரும் பேசவில்லை. பெயருக்கு ஏற்ற வேலையை நான் செய்கிறேன்.

ஐந்தாம் பதிப்பில் 50 காசு ஒரு இறாத்தல். அப்படியானால் ஒரு பொற்காசு ஏறத்தாழ 9 கிராம். நம்முடைய பவுண் 8 கிராம். ஆக, ஒரு பொற்காசு என்பது ஒரு பவுணைவிடக் கொஞ்சம் கூட. இப்போது உங்கள் 25 பொற்காசு மோதிரத்தைப் பாருங்கள். அரைப் பவுண் மோதிரம் 4 கிராம், உலோகத்தின் விலை அரைப் பொற்காசுகூட வராது! 25 பொற்காசுக்குத் தங்கம் மட்டும் என்றால் 28 பவுண். அதை விரலில் போட முடியாது, கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்கவேண்டும்.

அதனால் 25 என்று ஒரு மோதிரத்துக்கு விலை போட்டால் மீதி இருபத்துநாலரை எங்கிருந்து வந்தது என்று டிஎம் பதில் வைத்திருக்க வேண்டும். கல்லா, வேலைப்பாடா, பேரா? அந்தப் பதில்தான் வர்ணனை. தனியாக எதையும் யோசிக்க வேண்டாம்.

ஐந்தாம் பதிப்பு விதிப்புத்தகத்தில் கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் 2 வெள்ளிக்காசு. வெற்றுத் தங்க மோதிரம் அவனுக்கு இரண்டு நாள் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே. நம்ம தோட்டத்துச் சம்பளத்தில் அரைப் பவுண் வாங்க எத்தனை மாதம் என்று இங்கே யாரும் கணக்குக் கேட்கவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கெட்டுப்போகும்.

பனிமூட்டம் (ஹட்டன்)

28 பவுண்! இதைத் தம்பிக்குக் காட்டுகிறேன், கொப்பியை மூடமாட்டான்.

கல்லைப் பற்றி யாராவது சொல்லுங்கள். “நீலக்கல் மோதிரம்” என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் வருவதில்லை.

ஓயாக்கரை (பொகவந்தலாவை)

கெசல்கமு ஓயா பக்கம் வளர்ந்தவனிடம் கல்லைப் பற்றிக் கேட்டால் இரவு முழுக்கப் பேசுவேன். நான் தோண்டுகிறவன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிறத்தைச் சொல்லாதீர்கள். வெளிச்சத்தில் கல் என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். நட்சத்திர நீலம் இருக்கிறதே, அதில் ஆறு கதிர் தெரிய ஒற்றை வெளிச்சம் வேண்டும். வெயிலில் தெரியும், ஒரு விளக்குக்குக் கீழே தெரியும். விளக்கை நகர்த்தினால் நட்சத்திரமும் கல்மேல் நகரும். மூடுபனிக்குள் எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் சமமாக வருவதால் வெறும் சாம்பல் நீலக் கல்லாகத்தான் இருக்கும். உங்கள் உலகமே மூடுபனி என்கிறீர்கள். பகலில் ஐந்து காசுக்குக் கிடைத்த மோதிரம் இரவில் பந்தத்தின் கீழே கண் திறந்தால் மேசையில் சத்தம் கேட்கும்.

வைடூரியத்தில் பூனைக்கண் கோடு. பக்கவாட்டில் ஒளி பட்டால் கோட்டுக்கு ஒரு புறம் பால், மறுபுறம் தேன். கல் வியாபாரிகளே அப்படித்தான் சொல்வார்கள். அலெக்சாண்டிரைட் பகலில் பச்சை, மெழுகுவர்த்தியில் சிவப்பு. புத்தகம் அதைக் கரும்பச்சை என்று மட்டும் போட்டு 500 பொற்காசு விலை வைத்திருக்கிறது. பகலில் வாங்கியவரும் இரவில் பார்த்தவரும் ஒரே மோதிரத்தைப் பற்றி இரண்டு விதமாகச் சாட்சி சொல்வார்கள், விசாரணைக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்தது கெவுடா. பால் கலந்த மாதிரி மங்கிய கல், நீலக்கல்லைப் போல இதுவும் குருந்தக்கல் வகைதான். ஒரு காலத்தில் நம்ம ஆட்கள் மதிக்கவே இல்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக அள்ளிக்கொண்டு போய் 1,500 பாகைக்கு மேல் சூடாக்கினார்கள். மங்கல் போய் நல்ல நீலம் வந்தது. இதை ஆட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்: அரசனின் விரலில் ஏன் இந்த அசிங்கமான கல் என்று எல்லாரும் சிரிக்கும் மோதிரம். குகையில் டிராகன் நெருப்பு ஊதுகிறது, ஆள் கரி. சாம்பலைக் கிளறினால் நீலக்கல். தங்கம் அந்தச் சூட்டில் உருகி ஓடியிருக்கும், அதையும் சொல்லுங்கள், அப்போதுதான் நம்புவார்கள்.

கணக்கப்பிள்ளை (தலவாக்கலை)

புத்தகத்தில் வைடூரியம் 100 பொற்காசு, செவ்வந்திக்கல்லும் 100. யார் போட்ட விலை இது?

ஓயாக்கரை (பொகவந்தலாவை)

அதைவிட வேடிக்கை உண்டு. சிர்கோன் 50 பொற்காசு, ஜாசிந்த் 5,000. ஜாசிந்த் என்பது செம்மஞ்சள் சிர்கோன்தான்! ஒரே கனிமம், நூறு மடங்கு விலை. சிர்கோனைச் சூடாக்கினால் நிறம் வேறு மாறும். நம்ம ஊர் ஆள் ஒருவர் அந்த உலகத்துக்குப் போனால் ஒரே மாதத்தில் கோட்டை வாங்கிவிடுவார்.

எறிபகடை (கண்டி)

சூடாக்கினால் பெரும்பாலும் நீலமோ வெள்ளையோ வரும், செம்மஞ்சள் வரும் என்று நம்பியிருக்க முடியாது. கோட்டை கைக்கு எட்டாது. ஆனால் விலைப்பட்டியல் கோளாறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் மேசையில் விலையைப் பகடை சொல்வதில்லை, வாங்குகிற வியாபாரி சொல்கிறார்.

கொழுந்துக்கூடை (அப்புத்தளை)

ஆண்கள் எல்லாரும் கல்லையும் எடையையும் பிடித்துக்கொண்டீர்கள். சீதா எலியக் கோயிலுக்குப் போகாதவர் இங்கே யாருமே இருக்கமாட்டார்கள். அனுமன் கொண்டுவந்த மோதிரம் எத்தனை பவுண், என்ன கல் என்று அங்கே யாராவது கேட்டதுண்டா? அதில் ராமன் பேர் இருந்தது. பார்த்ததும் தெரிந்துகொள்ள ஒருத்தி இருந்தாள். அது போதுமாக இருந்தது. மோதிரம் போனது, பதிலுக்குச் சூடாமணி திரும்பி வந்தது. ஒரே நகையால் முன்பின் தெரியாத ஒரு வானரத்தை அவள் நம்பினாள்.

என் ஆட்டத்தில் நான் செய்வது இவ்வளவுதான்: மோதிரத்தை எழுதுவதற்கு முன் அதை அடையாளம் காணக்கூடிய ஒரு ஆளை எழுதுவேன். சத்திரக்காரியோ, படகுக்காரனோ, எதிரியின் தாயோ. மோதிரத்தில் அந்த ஆளுக்குத் தெரியக்கூடிய ஒரு அடையாளம் இருக்கும், அது ஒரு கீறலாகக்கூட இருக்கலாம். ஆடுகிறவர் அதைப் போட்டுக்கொண்டு சத்திரத்தில் சோற்றுக்குக் கை நீட்டுவார், பரிமாறுகிறவள் கரண்டியை வைத்துவிடுவாள். அன்றைக்கு அதற்குமேல் நான் எதையும் வர்ணித்ததே இல்லை.

கண்ணகி கதை இதற்கு நேர் எதிர். வெளியே பார்த்தால் இரண்டு சிலம்பும் ஒன்று, உள்ளே ஒன்றில் முத்து, மற்றதில் மாணிக்கம். உடைத்துப் பார்க்கிற நேரம் ஆள் செத்தாகிவிட்டது. ஒரே மாதிரியான இரண்டு மோதிரங்களை இரண்டு இடத்தில் வைத்துப் பாருங்கள், என்ன சண்டை வருகிறது என்று.

மந்திர மோதிரமும் வேண்டும் என்றால் ஒன்று தருகிறேன். திவசத்தில் ஐயர் போட்டுவிடும் தர்ப்பைப் பவித்திரம் தெரியும்தானே? மோதிரவிரலில் போட்டு, காரியம் முடிந்ததும் முடிச்சை அவிழ்த்துப் போட்டுவிடுவோம். என் உலகத்தில் அது மானாப்புல்லில் முடிந்த மோதிரம். ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும், முடிச்சை அவிழ்க்கும்போது. பெட்டியில் தங்கத்தோடு கிடந்தால் எல்லாரும் குப்பை என்று எறிவார்கள். எறிந்தார்கள்.

பனிமூட்டம் (ஹட்டன்)

அக்கா, எறிந்த பிறகு சொன்னீங்களா?

கொழுந்துக்கூடை (அப்புத்தளை)

ஏன் சொல்லணும்?

மூன்றாம்கட்டை (மஸ்கெலியா)

நான் புதுசு, ஒரு யோசனை. கோப்பிக்காலத்தில் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த நம்ம ஆட்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தார்களே, காலராவிலும் பசியிலும் வழியிலேயே எத்தனையோ பேர் இறந்தார்கள். அந்த மாதிரி ஒரு பாதையை என் வரைபடத்தில் போட்டிருக்கிறேன். பாதையோரம் எலும்புக்கூடுகள், ஒவ்வொன்றின் விரலிலும் ஒரு வித்தியாசமான மோதிரம், ஆடுகிறவர்கள் பொறுக்கிக்கொண்டு போகலாம். எப்படி?

தகரத்துண்டு (பண்டாரவளை)

எனக்குப் பிடிக்கவில்லை தம்பி. கோபத்தில் சொல்லவில்லை. அது நம்ம பாட்டன் பூட்டன் நடந்த பாதை. அவர்கள் எலும்பிலிருந்து மோதிரம் உருவுவதை ஒரு விளையாட்டாக என் மேசையில் வைக்கமாட்டேன். உண்மையும் ஒத்துவராது. கடன்பட்டுக் கங்காணி பின்னால் வந்தவர்கள் விரலில் ஏது மாணிக்கம்? இருந்ததை ஊரிலேயே அடகு வைத்திருப்பார்கள்.

எறிபகடை (கண்டி)

ஆட்டம் ஆட்டம்தான். எகிப்தியப் பிரமிடைக் கொள்ளையடிக்கலாம், நம்ம பாதை மட்டும் கூடாதா? பிரமிடுக்குள் கிடந்ததும் யாரோ ஒருவருடைய பாட்டன்.

தகரத்துண்டு (பண்டாரவளை)

அதையும் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் மேசையில் உட்காருகிறவர்கள் எல்லாரும் லயத்தில் வளர்ந்தவர்கள். யாருக்கு எது வலிக்கும் என்று தெரிந்துகொண்டே அதை வைக்க எனக்கு மனசில்லை.

கொழுந்துக்கூடை (அப்புத்தளை)

மஸ்கெலியாத் தம்பி, பாதையை விட்டுவிடாதே, எலும்புக்கூடுகளை எடுத்துவிடு. ஒரே ஒரு மோதிரம் வை. பித்தளை, நூல் சுற்றி விரலுக்கு இறுக்கியது. அதை வழித்துணையாக வருகிற கிழவியே கொடுக்கட்டும்: “மேலே மலையில் என் தங்கச்சி இருப்பா, இதைப் பார்த்தா தெரிஞ்சுக்குவா.” விலை ஒரு செப்புக்காசு. விற்கவும் முடியாது, எறியவும் முடியாது. மலையில் எத்தனை தோட்டம், எந்தத் தங்கச்சி? அதுவே ஒரு முழு ஆட்டம்.

மூன்றாம்கட்டை (மஸ்கெலியா)

நன்றி அக்கா. தகரத்துண்டு அண்ணே, நீங்கள் சொன்னதும் சரி, எடுத்துவிட்டேன்.

கொள்ளையடிக்கிற ஆசைக்கு ஒரு துரை பங்களா வைக்கலாமா?

தகரத்துண்டு (பண்டாரவளை)

அதைத் தாராளமாக வை!

முத்திரை மோதிரம் ஒன்று, முகப்பில் கோப்பிக் கிளையும் பழமும், உள்ளே ‘1869’. நம்ம ஆட்களுக்கு அந்த ஆண்டு சொன்னாலே விளங்கும், கோப்பி இலையில் நோய் கண்ட வருஷம். அந்த வருஷம் பெருமையாக முத்திரை செய்துபோட்ட துரை பத்து இருபது வருஷத்தில் என்ன ஆனான் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். அதே மோதிரத்தால் முத்திரை குத்திய கடன்பத்திரம் ஒன்று மேசை இழுப்பறையில் கிடக்கட்டும்.

பனிமூட்டம் (ஹட்டன்)

இதை நான் களவெடுத்துவிட்டேன், மன்னிக்கவும்.

ஒரு விதிச் சந்தேகம். இப்படி ஆளுக்கு நாலைந்து மோதிரம் சேர்ந்தால் எத்தனை போடலாம்?

கணக்கப்பிள்ளை (தலவாக்கலை)

மூன்றாம் பதிப்பில் மந்திர மோதிரம் இரண்டுதான் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஐந்தாம் பதிப்பில் அப்படித் தனியாக இல்லை, பாத்திரத்தோடு இணைத்துக்கொண்டால்தான் வேலை செய்யும் மந்திரப் பொருள்கள் உண்டு, அவை மட்டும் ஆளுக்கு மொத்தம் மூன்று. மந்திரமில்லாதது எத்தனையும் போடலாம்.

பத்தர்வீட்டுப்பேரன் (மாத்தளை)

போடலாம், ஆனால் வாள் பிடிக்கச் சொல்லுங்கள் பார்க்கலாம். கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் நிலமேமார் (கோயில் பொறுப்பில் உள்ள பிரமுகர்கள்) போடும் மோதிரங்களைப் பார்த்திருப்பீர்கள், விரலின் அகலத்தைத் தாண்டி நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு கையை முழுசாக மடக்க முடியாது. அதுவே அதன் அர்த்தம்: இந்தக் கைக்கு வேலை செய்யத் தேவையில்லை. உங்கள் வீரர் அப்படி ஒன்றைப் போட்டால் தாக்கும் பகடையில் ஒன்றைக் கழியுங்கள், அரசவையில் பேசும்போது ஒன்றைக் கூட்டுங்கள். எந்த இடத்தில் கழற்றுவது, யாரிடம் கொடுத்து வைப்பது என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள்.

எறிபகடை (கண்டி)

என் அட்டவணையில் நான்காவது பகடை சேர்த்தாயிற்று: ‘இதை யார் அடையாளம் காண்பார்?’ ஒன்று விழுந்தால் வட்டிக்கடைக்காரர், ஆறு விழுந்தால் செத்துப்போனவரே. கொத்து ரொட்டி நேரத்தைக் குறைக்க மட்டும் முடியாது, அதைக் கேட்காதீர்கள்.